சுற்றுலாவால் ஓர் ஊருக்கு நன்மை மிகுதியா, தீங்கு மிகுதியா? கட்டணம் வைத்தால் கூட்டம் குறையுமா?

கேள்வியின் முதல் பாதிக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. இரண்டாம் பாதிக்கு, பெரும்பாலும் குறையாது என்பதே என் விடை. பயணிகள் பெருகும்போது ஓர் ஊரில் முதலில் தாங்காமல் போவது எது என்று கண்டுபிடித்து, அங்கே கைவைத்தால்தான் பலன் கிடைக்கும். அது படகுத்துறையா, குடியிருக்கும் வீடா, கழிவுநீர்க் குழாயா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கட்டணத்துக்கு வெனிஸையே எடுத்துக்கொள்ளலாம். காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல், அந்த ஆண்டில் மொத்தம் 29 நாட்களுக்கு, ஆளுக்கு 5 யூரோ வசூலித்தார்கள். நகராட்சிக்குச் சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்ததே தவிர, சந்துகளில் நெரிசல் குறைந்ததாகத் தெரியவில்லை. விமானத்துக்கும் ரயிலுக்கும் அவ்வளவு செலவழித்து வந்தவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா என்ன? மாறாக, பெரிய உல்லாசக் கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய்க்குள் நுழையக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசு விதித்த தடை உடனே பலன் தந்தது. பழைய கட்டடங்களை மறைத்துக்கொண்டு நகர்ந்த அந்த மிதக்கும் மாடிவீடுகள் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னிருந்து அகன்றன.

ஆனால் வெனிஸ் இழந்துகொண்டிருப்பது குடிமக்களை. 1950-களின் தொடக்கத்தில் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. இதற்குச் சுற்றுலா மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது என்றாலும், ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது லாபம் என்று ஆன பிறகு, வீட்டுக்காரர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? குடும்பங்கள் போனால் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், மளிகைக்கடை இருந்த இடத்தில் பயணிகளுக்கு நினைவுப்பொருளாக முகமூடி விற்கும் கடை வருகிறது. பார்சிலோனாவும் இதே சிக்கலால்தான், வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் 10,000-க்கும் மேற்பட்ட உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தது. பலன் பிறகுதான் தெரியும்; ஆனால் கைவைத்த இடம் சரியானது என்றே நினைக்கிறேன்.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் சிக்கல் வேறு. ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற அந்தச் சிறிய கடற்கரைக்கு நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்தார்கள். அவர்களை ஏற்றிவந்த படகுகள் விரிகுடாவுக்குள்ளேயே நங்கூரமிட்டன. நங்கூரம் விழுந்த இடத்தில் பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் சில மாதங்களுக்கென மூடிய கடற்கரையை 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இப்போது படகுகள் தீவின் பின்புறத் துறையில் நிற்க, பயணிகள் அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் நடந்து வருகிறார்கள். ஒரே நேரத்தில் உள்ளே இருப்போர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, நீந்த அனுமதியில்லை, ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஓய்வு. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் கரையோர ஆழமற்ற நீருக்குத் திரும்பியிருக்கின்றன. என் பார்வையில், இத்தனை விதிகளில் பெரும்பங்கு வேலையைச் செய்தது படகைப் பின்பக்கம் அனுப்பியதுதான்.

அப்படியானால் கட்டணம் எங்கேயும் பயன்படாதா என்றால், ருவாண்டா இருக்கிறது. அங்கே மலைக் கொரில்லாக்களைக் காண 2017 முதல் வெளிநாட்டவருக்கு 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே, ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். எண்ணிக்கைக்கு முதலில் வரம்பு கட்டிவிட்டதால்தான் அந்த விலை பொருள் பெறுகிறது. பூங்கா வருவாயில் 10 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. காட்டெருமை வந்து பயிரை மேய்ந்துவிட்டுப் போகும் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு, காடு இருப்பதால் தனக்கும் ஏதோ கிடைக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா. காவலர்களும் மருத்துவர்களும் செய்த பணியோடு இந்த வருமானமும் சேர்ந்ததால், உலகிலுள்ள மலைக் கொரில்லாக்களின் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

இத்தனை கவனமாக நடத்தினாலும் ஒரு பலவீனம் தீர்வதில்லை. சுற்றுலாவையே நம்பி நிற்கும் மாலத்தீவின் பொருளாதாரம், கொரோனா காலத்தில் பயணிகள் நின்றதும், 2020-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மாயா விரிகுடாவில் பவளம் தேறிக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதைச் சுற்றியிருந்த துறைகளில் படகோட்டிகளுக்குச் சவாரி வெகுவாகக் குறைந்தது.