வில்லுப்பாட்டு: வாசகர் கேள்விகள்

கே: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) முன்பெல்லாம் விடிய விடிய வில்லு நடக்கும். இந்த வருஷம் இரண்டே மணி நேரத்தில் கதையை முடித்துத் தரும்படி விழாக் கமிட்டி கேட்கிறது. சுருக்கினால் என்ன கெட்டுவிடும்? (வாசகர், நாங்குநேரி)

ப: மேடை நிகழ்ச்சி என்றால் ஒன்றும் கெடாது. சுப்பு ஆறுமுகம் (1928–2022) வானொலியிலும் மேடையிலும் வளர்த்த வில்லிசை அந்த அளவுக்குள் அடங்கியதுதான். அதற்கு 2021-இல் பத்மஸ்ரீயும் வந்தது. கோயில் கொடை வேறு கணக்கு. அங்கே கதையும் பூசையும் கைகோத்து நடக்க வேண்டும். காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம் என்று அண்ணாவி (தலைமைப் பாடகர்) நிதானமாகத்தான் தொடங்குவார். வெட்டுண்டு இறந்து தெய்வமானவர் கதை என்றால், அந்தச் சாவுக் கட்டம் சாமக்கொடையை, அதாவது நள்ளிரவுப் பூசையை, ஒட்டி விழ வேண்டும். உடுக்கு வேகம் பிடிப்பதும் சாமியாடிக்கு அருள் வருவதும் அப்போதுதான். பூசை தாமதமானால் அண்ணாவி நாட்டு வளத்தை நீட்டுவார், கல்யாணக் கட்டத்தில் கேலியைக் கூட்டுவார். பூசைக்கு எல்லாம் தயார் என்று கண்ஜாடை வந்ததும் நாலே வரியில் கதையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் தேர்ச்சி தெரிவதே இந்த நீட்டிக் குறுக்குவதில்தான்.

சுருக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இப்படி நீட்டக்கூடிய பகுதிகள்தான். பிறகு சாமி வருமுன்னே கதை தீர்ந்துபோய், மிச்ச நேரத்துக்குச் சினிமா மெட்டு போட வேண்டியிருக்கும். நேரம் இல்லையென்றால் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: கொடைக்கு முந்தைய குடியழைப்பு இரவில் பிறப்பும் வளர்ப்பும், கொடை இரவில் மீதி. அட்வான்ஸ் கொடுக்கும்போதே பூசை நேரங்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாதித் தகராறு அதிலேயே தீரும்.

கே: முத்துப்பட்டன் கதையில் பொம்மக்கா, திம்மக்கா இருவரும் வாலப்பகடையின் சொந்த மகள்கள் என்று ஒரு குழு பாடியது. அவர்கள் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடைத்து அவர் வளர்த்தார் என்று இன்னொரு குழு பாடியது. எது சரி? (வாசகி, அம்பாசமுத்திரம்)

ப: கதையையே கேட்டுப் பாருங்கள். பிராமணனான முத்துப்பட்டன் அந்தப் பெண்களை மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டு, தோல் வேலை கற்று, செருப்புத் தைத்துக்கொண்டு போய், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் முன் நிற்கிறான். பெண்களும் பிராமணர்தான் என்றால் அவன் செய்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லை. கலப்பு மணத்தைச் சகிக்க முடியாதவர்களுக்காகப் பின்னால் ஒட்டவைத்த ஒட்டு அது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையும் இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்புத்தான் காணிக்கை. அதற்காக இரண்டாவது பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். எந்த ஊரில், யார் கேட்க, கதை எப்படி வளைந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கே: கல்லூரி விழாவுக்கு நாங்களே வில் கட்டலாமா? (மாணவர்கள், நாகர்கோவில்)

ப: கட்டலாம். பனை வைரம் நல்லது, கிடைக்காவிட்டால் முற்றிய மூங்கில். கோயில் வில் 10 அடி அளவில் இருக்கும். உங்களுக்கு 7 அடி போதும். நாணுக்கு மாட்டுத்தோல் வார். இரவுப் பனியில் அது தொய்ந்துவிடும் என்பதால், மறுபடி இழுத்துக் கட்டும்படி ஒரு முனையில் மட்டும் அவிழ்க்கக்கூடிய முடிச்சு போடுங்கள். மணிகளை ஒற்றைப்படையில் கட்டுவது வழக்கம். குடத்தை வெறுந்தரையில் வைத்தால் ஒலி செத்துப்போகும். வைக்கோல் பிரிமணையில் உட்காரவையுங்கள். கமுகம்பாளைப் பத்தையால் குடத்தின் வாயில் அடிக்க வேண்டும். மரப்பலகை வேண்டாம், குடம் கீறிவிடும்.

கே: ஊரில் ஒரு மூத்த அண்ணாவி இருக்கிறார். அவர் பாட்டைப் போனில் பதிவு செய்ய என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், திருச்செந்தூர்)

ப: குடம்தான் முதல் எதிரி. போனை நடுவில் வைத்தால் குடச்சத்தத்தில் வார்த்தை முங்கிவிடும். ஒரு போன் அண்ணாவியின் வாயருகே ஒரு முழத்தில். இன்னொன்று ஏழெட்டு அடி தள்ளி, பின்பாட்டுக்கு. இரண்டையும் விமானப் பயன்முறையில் போட்டு, ஐந்து நிமிடம் எடுத்துக் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். தேதி, ஊர், கதையின் பெயர், யாரிடம் கற்றார் என்பதை முதலிலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். அவரிடம் ஏடோ நோட்டோ இருந்தால், பக்கம் பக்கமாகப் படம் எடுக்கவும் அனுமதி கேளுங்கள். பாடும்போது குறுக்கே கேட்காதீர்கள். புரியாத சொல்லைக் குறித்துவைத்து முடிந்தபின் கேட்கலாம்.

சாமியை அழைக்கும் பாட்டைக் கொடை இல்லாத நாளில் பாட மறுப்பவர்கள் உண்டு. வற்புறுத்த வேண்டாம். கொடை அன்று கோயில் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை யூடியூபில் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சன்மானத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.