தரை ஆர்க்கிட்டுக்குக் கரி எதற்கு?

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஊதாப் பூ பூக்கும், மடிப்பு மடிப்பான இலையுள்ள கிரவுண்ட் ஆர்க்கிட் வாங்கினேன். கடைக்காரர் சொன்னபடி கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு, பச்சை வலைக்கு அடியில் வைத்தேன். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இலை நுனி கருகுகிறது, பூவே இல்லை.

பதில்: உங்களிடம் இருப்பது ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டாவாகத்தான் இருக்கும். மண்ணில் வேர்விடும் செடி அது. கரியும் ஓட்டுச்சில்லும் மரத்தில் தொற்றி வளரும் வாண்டா, டென்ட்ரோபியத்துக்கு உரியவை. ஆர்க்கிட் என்று கேட்டாலே இந்தக் கலவையைப் பொட்டலம் கட்டிக் கூடுதல் விலைக்குத் தலையில் கட்டிவிடுகிறார்கள். எது தரையில் வளரும், எது மரத்தில் வளரும் என்று ஒரு சீட்டு ஒட்டி விற்றால் எத்தனையோ செடி பிழைக்கும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

செம்மண், ஆற்று மணல், இலைமக்கு மூன்றையும் சமமாகக் கலந்து மாற்றி நடுங்கள். அடியில் உருண்டையாக இருக்கும் குமிழை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றால் அழுகல், அதை வெட்டி எறியுங்கள். கெட்டியாக இருப்பதை, பாதி வெளியே தெரியும்படி நடுங்கள். முழுக்கப் புதைத்தால் மழைக்காலத்தில் அழுகும். வலையை விட்டு வெளியே எடுத்து, காலை வெயில் நாலு மணி நேரமாவது படும் இடத்தில் வையுங்கள். பூ வராததற்கு நிழல்தான் முக்கியக் காரணம். நுனி கருகுவது பெரும்பாலும் போர் தண்ணீர் உப்பால். மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

தரை ஆர்க்கிட்டில் இன்னொரு வகை இருக்கிறது, அதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஹாபினேரியா போன்றவை கோடையில் இலையெல்லாம் உதிர்த்து மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். பாவம் என்று தண்ணீரும் ஊற்ற வேண்டாம், ஊற்றினால்தான் அழுகும். தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, புதுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு ஊற்றுங்கள். உங்கள் செடி அப்படித் தூங்காது.

அப்புறம், 'மலையிலிருந்து வந்த கிழங்கு' என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. உள்ளே உணவு கிடையாது, மண்ணில் அதற்கான பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். அதனால் தோண்டிய இடத்தில் இன்னொன்று சுலபத்தில் வராது. அகத்தியர் மலையில் மட்டும் இயற்கையாக வளரும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் இப்படித்தான் அரிதாகிவிட்டது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த இனத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் இடைத்தரகர் பையைத் திறந்து பார்ப்பது யார்? திசு வளர்ப்புக் கன்று, அதாவது ஆய்வகத்தில் வளர்த்தது என்று உறுதி தரும் நர்சரியில் மட்டும் வாங்குங்கள்.

பூத்தண்டு வந்ததும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் பூக்கும். காய் பிடித்தால் அதை மட்டும் கிள்ளிவிடுங்கள்.