புல் வெட்டும் மெஷின் எது வாங்கலாம்? லான் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கான கேள்வி பதில்

அபார்ட்மென்ட், வில்லா, பள்ளி, சின்ன ஆலை வளாகம் என்று மாதக் கான்ட்ராக்ட்டில் புல்வெளி பார்ப்பவர்கள் கேட்கலாம். மெஷின், பிளேடு, பெட்ரோல் பற்றி மட்டும். உரமும் கரையானும் என் துறை இல்லை. கேள்விகளுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த மெஷினாக இருந்தாலும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றாமல் அடியில் கை விடாதீர்கள்.

வடவள்ளி, கோவை: சார், புதிதாக ஆரம்பிக்கிறேன். மூன்று அபார்ட்மென்ட், ஐந்து வில்லா, மொத்தம் சுமார் 40,000 சதுர அடி. பெரும்பாலும் கொரியன் கிராஸ், இரண்டு இடத்தில் பஃபலோ கிராஸ். நானும் ஒரு பையனும்தான். என்ன வாங்குவது?

முதலில் கணக்கு. 18 அங்குல மோவர் என்றால் 46 செ.மீ. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசை மேல் 6 செ.மீ. ஏறி வரவேண்டும், ஆக 40 செ.மீ.தான் உண்மையான அகலம். மணிக்கு 3.5 கி.மீ. நடந்தால் 1,400 சதுர மீட்டர், அதாவது 15,000 சதுர அடி. இது காகிதத்தில். திரும்புவது, பையைக் காலி செய்வது, நாற்காலியையும் பூந்தொட்டியையும் நகர்த்துவது எல்லாம் போனால் பாதி என்று வையுங்கள்: 7,500. உங்கள் 40,000 சதுர அடிக்கு ஐந்தரை மணி நேரம். பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டினாலும் ஒரு மோவருக்கு இது பெரிய வேலையே இல்லை.

21 அங்குலம் வாங்கினால் கணக்கில் 18 சதவீதம் கூடும். வில்லாவில் அது கைக்கு வராது. அங்கே நேரத்தைத் தின்பது பையைத் தூக்கிக்கொண்டு குப்பைக் குழிக்கு நடப்பதுதான். அதனால் 18 அங்குல மோவர் ஒன்று, ஓரம் வெட்ட, தோளில் மாட்டிப் பிடிக்கும் 4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று, 2.4 மி.மீ. நைலான் கயிற்றோடு. இரண்டாவது மோவரை வேலை 80,000 சதுர அடியைத் தாண்டும்போது யோசியுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது உயரம் மாற்றும் லீவர். கொரியனுக்கு 25 முதல் 30 மி.மீ., பஃபலோவுக்கு 50 முதல் 60. ஒரே நாளில் இரண்டு புல்லும் வெட்டப் போகிறீர்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி லீவர் இருந்தால் பையன் மூன்றை மாற்றி ஒன்றை மறப்பான், லானில் படிக்கட்டு தெரியும். ஒரே லீவர் உள்ளதை வாங்குங்கள். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 60 மி.மீ. வளர்ந்த கொரியனை ஒரே மூச்சில் 25-க்கு இறக்கினால் அடியில் இருக்கும் காய்ந்த தண்டு வெளியே வந்து லான் மஞ்சளாகும். பழி மெஷின் மேல் விழும்.

சக்கரத்தில் பால் பேரிங் இருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் புஷ் என்றால் தினசரி வேலைக்கு ஒரு சீசனில் ஆட ஆரம்பிக்கும். கோவைக்கு இரும்பு டெக் (பிளேடை மூடியிருக்கும் கூடு) போதும். கடலோர ஈசிஆர் பக்கம் என்றால் அலுமினியம்.

பள்ளிக்கரணை: 52 சிசி பிரஷ் கட்டர் ஒன்று இருந்தால் எல்லாம் முடியாதா? மோவர் எதற்கு தண்டச் செலவு?

காலி மனையில் புதர் அடிக்க முடியும். லானை அதில் வெட்டினால் கை ஏறி இறங்கும் இடமெல்லாம் பள்ளம் மேடாகத் தெரியும். மாதக் கான்ட்ராக்ட் நிலைக்காது.

52 சிசி பற்றி: பெயர் தெரியாத மெஷின்களில் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 34 மி.மீ., போர் (சிலிண்டர் விட்டம்) 44 மி.மீ. என்றால் 51.7 சிசி. அதே 34-க்குப் போர் 40 என்றால் 42.7. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். என்ஜின் கேஸில் அடித்த எண்ணில் 44எஃப், 40எஃப் என்று இருக்கும், அதைப் படியுங்கள். உதிரி வாங்கப் போகும்போதும் குழாய் 26 மி.மீ.யா 28 மி.மீ.யா, உள்ளே ஷாஃப்ட் 7 பல்லா 9 பல்லா என்று எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைவீர்கள்.

மதுரை: எந்த பிராண்ட் நல்லது?

உங்கள் ஊரில் பிளேடும் ரீகாயில் ஸ்டார்ட்டரும் (கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பாகம்) கையிருப்பில் வைத்திருக்கும் கடைக்காரர் எதை விற்கிறாரோ அது.

ஓசூர்: ஹோண்டாவில் ஜிசிவி, ஜிஎக்ஸ்வி என்று இரண்டு என்ஜின் சொல்கிறார்கள். இரண்டும் 160. விலை மட்டும் வேறு வேறு. வித்தியாசம் என்ன?

ஜிசிவி வீட்டு உபயோகத்துக்கு. 160-இல் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை உள்ளே ஒரு டைமிங் பெல்ட் ஓட்டுகிறது. ஜிஎக்ஸ்வி தொழிலுக்கு, வால்வைத் தண்டால் தள்ளும் புஷ் ராட் வகை. வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் என்றால் ஜிசிவி தாராளம். தினமும் நான்கு மணி நேரம் என்றால் ஜிஎக்ஸ்வி 160. அதற்கு ஆயில் 650 மில்லி. முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் ஊர் தூசிக்கு நான் 50 என்றுதான் சொல்வேன். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. சாய்க்கும்போது பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேல் பக்கம் இருக்கட்டும். கவிழ்த்துச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி வெள்ளைப் புகை வரும், நீங்கள் பிஸ்டன் போச்சு என்று பயப்படுவீர்கள். சாய்க்கும் முன் பிளக் வயர்.

திருவான்மியூர்: பேட்டரி மோவர் எப்படி? அசோசியேஷனில் சத்தம் என்று புகார்.

56 வோல்ட், 7.5 ஆம்ப்-ஹவர் பேட்டரி என்றால் பெருக்கிப் பாருங்கள்: 420 வாட்-ஹவர். அடர்த்தியான புல்லில் மோட்டார் 800 வாட் இழுத்தால் அரை மணி நேரம். மேலே சொன்ன வேகத்தில் 3,700 சதுர அடி. அரை நாள் வேலைக்கு ஏழெட்டு பேட்டரி, அல்லது சைட்டிலேயே சார்ஜர். சூடாகக் கழற்றிய பேட்டரியை உடனே போட்டால் சார்ஜர் ஏற்றாமல் காத்திருக்கும். மே மாத மதியத்தில் அந்தக் காத்திருப்பு நீளம். ஆஸ்பத்திரி, காலை எட்டு மணிக்கு முன் வெட்ட வேண்டிய இடம் என்று ஒன்றிரண்டு இருந்தால் வாங்கலாம். பேட்டரியின் தனி விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வயர் மோவர் என்றால் 1,600 வாட்டுக்கு 7 ஆம்ப். 50 மீட்டர் நீட்ட 1.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயராவது வேண்டும். சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்சுற்று உருகும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத பிளக் பாயின்ட்டில் சொருகாதீர்கள். ஈரப் புல்லில் வேண்டவே வேண்டாம்.

ஆவடி: ஜிஎக்ஸ் 35 பிரஷ் கட்டர். ஒரு மாதம் சும்மா இருந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் கார்பரேட்டரைக் கழுவித் தருகிறார்.

சோக்கில் ஓடி, எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் ஓட்டை பாதி அடைத்திருக்கிறது, அல்லது கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்திருக்கிறது. அதற்கு மூலம் டேங்கில் கிடந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் ஆரம்பித்து இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். இந்தச் சின்ன என்ஜின்களின் மேனுவலைத் திறந்தால் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதி. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ரப்பரை ஊறவைக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி படியும்.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். 15 நாளுக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். மோவராக இருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி வடியுங்கள். பெட்ரோல் டியூப், பிரைமர் பல்ப், டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சேலம்: எதற்கெடுத்தாலும் எத்தனால் மேல் பழி போடுவது இப்போது ஃபேஷன். என் பைக்கும் அதே பெட்ரோலில்தான் ஓடுகிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 பைக்கில் பெரும்பாலும் இன்ஜெக்ஷன். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்று சென்சார் பார்த்து, பெட்ரோலைக் கூட்டும். பிரஷ் கட்டரில் இருப்பது ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு, அதற்கு எதுவும் தெரியாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்து என்ஜின் சூடாகும். தவிர, பைக் டேங்க் நாலு நாளில் காலியாகிறது. உங்கள் மெஷின் டேங்க்?

சேலம்: நான் போடுவது 95 ஆக்டேன். அதில் எத்தனால் கிடையாது.

ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. எத்தனால் சேர்த்தாலே ஆக்டேன் ஏறும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், இரண்டு சொட்டு பேனா மை. மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் நிறுத்துங்கள். மை போட்ட அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19 பக்கம் ஏறினால் 10 சதவீதம். 28 பக்கம் போனால் இ20. வெட்டவெளியில், பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள்.

நாகர்கோவில்: அண்ணே, நானும் மெக்கானிக்தான். கார்பரேட்டரை வற்ற விடுவதே தப்பு. டயாஃப்ரம் காய்ந்து சுருங்கும். நிரப்பித்தான் வைக்க வேண்டும்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். தினமும் ஓடும் மெஷினை வற்ற விட வேண்டியதில்லை, காய்ந்து காய்ந்து நனைவது டயாஃப்ரத்துக்கு நல்லதல்ல. ஆனால் மாதக் கணக்கில் இ20 உள்ளே நின்றால் டயாஃப்ரம் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது, ஊசி வால்வும் பிசினாகிறது. கிண்ணம் உள்ள மோவர் கார்பரேட்டரில் காய்வதற்கு டயாஃப்ரமே இல்லை, அங்கே இந்த வாதம் செல்லாது.

நாகர்கோவில்: அப்போ டயாஃப்ரம் கிட் கையில் வைத்திருக்கச் சொல்லுங்க.

சொல்கிறேன். கிட் ஒன்று, பிளக் ஒன்று, ஸ்டார்ட்டர் கயிறு ஒன்று. வண்டியில் எப்போதும்.

ஆவடி: இதெல்லாம் பார்த்தால் அடுத்தது 2 ஸ்ட்ரோக் வாங்கிவிடலாமா?

அங்கேதான் ஆபத்து அதிகம். இ20-இல் தண்ணீர் போதிய அளவு சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். 2 ஸ்ட்ரோக்குக்காகப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஃபில்டர் கிடப்பது அடியில். என்ஜின் முதலில் குடிப்பது ஆயில் இல்லாத சாராயத் தண்ணீர். சைலென்ஸரைக் கழற்றி ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டனில் நெடுக்குக் கீறல் தெரியும், கீறல் விழுந்தால் சிலிண்டர் செட்டையே மாற்ற வேண்டும். 4 ஸ்ட்ரோக்கில் அதே தண்ணீர் வந்தால் நின்றுபோகும், அவ்வளவுதான், ஆயில் தனியாக இருக்கிறது. ஆனால் ஜிஎக்ஸ் 35-இல் மொத்த ஆயிலே 100 மில்லி. தினமும் பார்க்க வேண்டும். 10டபிள்யூ-30, முதல் 10 மணி நேரத்தில் மாற்றி, பிறகு 50-க்கு ஒருமுறை.

2 ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றால், 50-க்கு 1 சொன்ன மெஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி, ஜாசோ (JASO) எஃப்டி தர ஆயில். "ஒரு மூடி ஊத்து" என்று பையனிடம் சொல்லாதீர்கள். அளவுச் சீசா வாங்கிக் கொடுங்கள். அன்றன்று கலந்தது அன்றன்று தீரட்டும்.

தஞ்சாவூர்: பிரஷ் கட்டருக்கு மானியம் உண்டா?

விவசாயிகளுக்கு உண்டு, கான்ட்ராக்ட்டுக்கு அல்ல. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ கேளுங்கள்.

திருச்சி: சார், எந்த பிராண்ட் பெஸ்ட்?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

ஈரோடு: மோவர் கல்லில் அடித்து நின்றது. இப்போது கயிறு இழுத்தால் கையை உதைக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

ஃப்ளைவீலைக் கிராங்க் ஷாஃப்ட்டில் பூட்டும் சின்ன உலோகத் துண்டு, அதாவது ஃப்ளைவீல் சாவி, பாதி வெட்டுப்பட்டிருக்கும், டைமிங் தள்ளிப்போயிருக்கும். ஃப்ளைவீலைக் கழற்றிச் சாவியை மாற்றுங்கள். அதற்கு முன் கிராங்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்: பிளக்கையே கழற்றிவிட்டு, மோவரைச் சாய்த்து, பிளேடு நுனிக்கு நேராக டெக்கில் ஒரு குச்சியைக் கட்டி, கையால் சுற்றுங்கள். இரண்டு நுனியும் குச்சியை ஒரே இடைவெளியில் கடந்தால் தப்பித்தீர்கள். 3 மி.மீ. வித்தியாசம் என்றால் புது பிளேடு போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஆடினால் கிராங்க்தான். பிளக் வயரோடு இதைச் செய்து விரல் போனவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

விழுப்புரம்: 63 சிசி பிரஷ் கட்டர் வாங்கினால் லான் வேலைக்கு நன்றாக இருக்குமா?

பள்ளிக்கரணை பதிலைப் படியுங்கள்.

திண்டுக்கல்: கிரிக்கெட் கிரவுண்ட் ஒன்று கிடைத்திருக்கிறது. ரீல் மோவர் வேண்டுமா?

அவுட்ஃபீல்டை 20 மி.மீ.க்குக் கீழே கேட்டால் வேண்டும். ரோட்டரி பிளேடு புல்லை அடித்து அறுக்கிறது, ரீல் கத்தரிக்கோல் மாதிரி நறுக்குகிறது. ஆனால் ஒரு சின்னக் கல் போதும், ரீலிலும் அதன் அடியில் அசையாமல் இருக்கும் பெட் நைஃப் கத்தியிலும் பல்லு விழும். அதனால் வெட்டும் முன் கிரவுண்டை நடந்து பொறுக்க ஒரு ஆள் கூலியையும் கணக்கில் சேருங்கள். செட்டிங் சரியா என்று பார்க்க, செய்தித்தாள் துண்டை ரீலுக்கும் பெட் நைஃபுக்கும் நடுவே வைத்து ரீலைக் கையால் மெல்லத் திருப்புங்கள். விரல் ரீல் பக்கம் போக வேண்டாம், தாளின் ஓரத்தைப் பிடியுங்கள். இடது, நடு, வலது மூன்று இடத்திலும் சுத்தமாக நறுக்க வேண்டும். மடித்து இழுத்தால் இடைவெளி அதிகம். 25 மி.மீ. போதும் என்று அவர்கள் சொன்னால் ரோட்டரியோடு நில்லுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர்: ஆலை வளாகம், மூன்று ஏக்கர். உட்கார்ந்து ஓட்டும் ரைட் ஆன் மோவர் வாங்கலாமா?

ஒரே துண்டாக இருந்தால் ஆம். பத்துத் துண்டாக, நடுவில் நடைபாதையும் மரமும் என்றால் 21 அங்குல, தானாக நகரும் மோவர் இரண்டு, ஆள் இரண்டு. வாங்கும் முன் கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளங்கள், டெக்கை மட்டுமல்ல, பக்கவாட்டுக் குழலையும் சேர்த்து. சரிவில் ரைட் ஆனை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். தள்ளும் மோவர் என்றால் குறுக்காக. மாற்றிச் செய்தால் ஒன்று கவிழும், மற்றது காலில் ஏறும்.

சேலம்: சோதனை செய்தேன். 95 பெட்ரோல்தான். மை 27-இல் நிற்கிறது.

சரி. மேலே நிற்கும் அந்தப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்.