கவிதை வருகிறது, பாட்டு மட்டும் எடுபடவில்லையே, ஏன்?

கவிதை நன்றாக எழுதுகிறேன், ஆனால் நான் எழுதும் பாட்டு யார் வாயிலும் நிற்பதில்லை, விலைபோகிற மாதிரி எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஆறேழு வருடம் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றவன்தான்.

முதன்முதலில் ஒரு மெட்டுக்கு ‘மலையோரம் நீ வந்தாய்’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் எழுத்தை இழுத்துப் பாட வேண்டிய மெட்டு அது. பாடியவர் இழுத்தார். கேட்ட அத்தனை பேர் காதிலும் ‘மாலையோரம்’ என்றுதான் விழுந்தது. குறிலை இழுத்தால் வேறு சொல் பிறந்துவிடும்: கலை காலையாகும், படம் பாடமாகும். இசையமைத்த நண்பர் சிரித்துக்கொண்டே, “நீ எழுதினது தாள்லயே இருக்கு, பாட்டுக்குள்ள வரல” என்றார்.

அதன் பிறகு எழுத உட்காருவதற்கு முன்னால் மெட்டை ‘தானனா தனனா’ என்று நானே நாலைந்து தடவை பாடிப் பார்த்துவிடுவேன். நீளும் இடத்தில் நெடில், ஓடும் இடத்தில் குறில். மெட்டு உச்சிக்குப் போய் நிற்கும் இடம் இருக்கிறதே, அங்கே ஆ, ஏ, ஓ போன்ற ஓசைதான் நிற்கும். ‘காற்று’ என்று குற்றியலுகரச் சொல்லை, அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்லை, வைத்தால் ‘றூஊஊ’ என்று பாடுகிறவர் திண்டாடுவார். ‘நிலா’ என்று வையுங்கள், தொண்டை தானாகத் திறக்கும். கவிதைக்கு இரண்டும் ஒன்றுதான், பாட்டுக்கு அப்படியில்லை.

அடுத்தது பல்லவியின் முதல் வரி. பாதி வேலை அதுதான் என்பேன். இரண்டு முதல் ஐந்து சொல், அதுவும் ஜனங்கள் ஏற்கெனவே பேசுகிற சொல். ‘இப்ப என்ன அவசரம்’, ‘சொல்லாமப் போயிட்டியே’ மாதிரி. யாரும் சொல்லாத உவமை உங்களிடம் இருந்தால் சரணத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சரணத்துக்கு ஒன்று போதும். பல்லவியை ஒருவரிடம் ஒரே ஒரு தடவை பாடிக் காட்டிவிட்டு வேறு பேச்சு பேசுவேன். பத்து நிமிடம் கழித்து என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பேன். அந்த முதல் வரியைச் சொல்லவில்லையா, கிழித்துப் போட வேண்டியதுதான். மனசு வலிக்கும், பரவாயில்லை.

நீளம் பற்றியும் கேட்பீர்கள். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் பிடிக்கும், பாட்டும் அந்த அளவுக்குள் அடங்கியது. இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் முன்னிசையைச் சுருக்கிப் பல்லவியைச் சீக்கிரம் கொண்டுவா என்பார்கள். நான் இதற்கு ஒத்துக்கொள்வேன். இப்போது எந்த மாதிரிப் பாட்டு ஓடுகிறது என்று பார்த்து அதையே எழுதச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பாட்டு வெளியே வருவதற்குள் அந்த அலை போயிருக்கும்.

அப்புறம், ‘விலைபோகும்’ என்று கேட்டதால் சொல்கிறேன். பாட்டைக் கொடுக்கும் முன்னால் எழுதியவர் பெயர், உங்கள் பங்கு இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு நன்றாக ஓடிய முதல் பாட்டை வாய்வார்த்தையில்தான் கொடுத்தேன். அதில் இன்றுவரை என் பெயர் கிடையாது.