கோப்பு எந்த மேசையில் நிற்கிறது? சிவப்பு நாடா எனப்படும் அலுவலக இழுபறி குறித்த கேள்வி-பதில்

எங்கள் அலுவலகத்தில் ஓர் உரிமம் கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்கிறார்கள். ஆள் போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் கணக்குப் பாருங்கள். நிலுவை 600, தினம் முடிவது 30 என்றால் இன்று வரும் மனு 20 வேலை நாள் காத்திருந்தே ஆக வேண்டும். தினம் வருவதும் 30தான் என்றால் உங்களுக்கு ஆள் பற்றாக்குறை இல்லை. பழைய பாக்கி மட்டும் கரையாமல் நிற்கிறது. சில வாரங்களுக்குக் கூடுதல் ஆட்களைப் போட்டு அதைத் தீர்த்துவிட்டால், இருப்பவர்களே பிறகு சமாளித்துவிடுவார்கள். வருவது 35, முடிவது 30 என்றால் நிலுவை தினம் 5 கூடும். இது நிஜமான பற்றாக்குறை.

அடுத்து, போன மாதம் முடிந்த கோப்புகளில் 50ஐ எடுத்து, ஒவ்வொரு மேசைக்கும் வந்த தேதியையும் போன தேதியையும் எழுதுங்கள். ஆறு மேசை, மேசைக்குப் பத்து நிமிட வேலை, மூன்று நாள் கிடப்பு என்று வந்தால், வேலை ஒரு மணி நேரம், கிடப்பு 18 நாள். அந்த ஆறில் "பார்த்தேன்" என்று சுருக்கொப்பம் மட்டும் இடும் மேசைகளை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே கையெழுத்து என்ற வழக்கம் இருந்தால், அதுவே ஒவ்வொரு கோப்புக்கும் சராசரியாக மூன்றரை நாளைக் கூட்டும்.

நான்கு பக்க விண்ணப்பப் படிவத்தைச் சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்வி: எந்த விதி இதைக் கேட்கிறது? எந்த முடிவுக்கு இது பயன்படுகிறது? இந்த விவரம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறதா? விதியும் இல்லை, முடிவிலும் பயன்படவில்லை என்றால் அடித்துவிடுங்கள். "இருந்தால் நல்லது" என்ற பதிலை ஏற்காதீர்கள். படிவங்கள் வீங்குவதே அதனால்தான். முடிந்த கோப்புகள் நூறைப் புரட்டி, எந்தக் கட்டத்தைப் பார்த்து ஒரு மனுவையாவது நிராகரித்தார்கள் அல்லது தொகையை மாற்றினார்கள் என்று குறியுங்கள். ஒன்றிலும் பயன்படாத கட்டங்கள் தாமாகத் தெரிந்துவிடும்.

படிவத்துக்குக் காலாவதி தேதியும் போடுங்கள். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, மத்திய அரசின் படிவங்களுக்கு ஒப்புதல் எண் வேண்டும். ஓர் ஒப்புதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் செல்லும். செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது.

சான்றிதழுக்குப் பதிலாக மனுதாரரே எழுதித் தரும் சுய உறுதிமொழியை ஏற்றால் பொய் சொல்வார்கள். நாளை தணிக்கையில் மாட்டிக்கொள்வது நாங்கள்தானே?

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் "தாராளமாக நடந்துகொள்ளுங்கள்" என்ற வாய்மொழி அறிவுரை எங்கும் பலிப்பதில்லை. ஊழியரைக் காக்க எழுத்தில் விதி வேண்டும்.

இத்தாலி அதைச் செய்தது. பிறப்பு, வசிப்பிடம், குடும்ப விவரம் போன்றவற்றைக் குடிமகனே எழுதிக் கையெழுத்திடலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. மாதிரிச் சோதனை கட்டாயம், பொய்க்குக் குற்றவியல் தண்டனை என்ற இரண்டும் அதே விதியில் இருந்தன. ஆனாலும் அலுவலகங்கள் பழையபடி சான்றிதழ் கேட்டுக்கொண்டே இருந்தன. எனவே 2012 ஜனவரி 1 முதல், ஓர் அரசு அலுவலகம் தந்த சான்றிதழை இன்னோர் அரசு அலுவலகம் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று ஆக்கினார்கள். கேட்கும் உரிமையைப் பறிக்காதவரை கேட்கும் பழக்கம் போகாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பிரேசிலின் 2018 சட்டம் இன்னும் எளிமையானது: கையெழுத்தை அடையாள அட்டையோடும் நகலை அசலோடும் கவுண்ட்டரில் இருப்பவரே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும், சான்றொப்பத்துக்கு மனுதாரரை வேறெங்கும் விரட்டக் கூடாது.

உங்கள் அலுவலகத்தில் செய்வதானால், சோதிக்கும் மனுக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தேதியோடு பதிவேட்டில் ஏற்றுங்கள். தணிக்கைக்குக் காட்ட அந்தப் பதிவேடு இருக்கும். பிறகு திருத்த முடியாத விஷயங்களில், உதாரணமாக நிலத்தின் உரிமை மாற்றத்தில், முன்சோதனையை விடாதீர்கள்.

"30 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம்" என்ற விதி நல்லதா?

நல்லதுதான், ஆனால் எழுதும் விதத்தில் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 சேவைகள் நெறிமுறையில் இதுவே பொது விதி. பொதுநலன் கருதி மட்டும் விலக்கு உண்டு. கட்டடப் பாதுகாப்பு, ரசாயனக் கிடங்கு, மருந்து போன்ற ஆபத்துள்ள இனங்களுக்கு நீங்கள் இதை வைக்காதீர்கள். கடை உரிமம், பெயர் மாற்றம், புதுப்பித்தல் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

நடைமுறையில் இது மூன்று இடத்தில் உடையும். முதலாவது, 29ஆம் நாளில் ஒரு சின்ன விளக்கம் கேட்டுக் கடிதம் போவது. நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். விளக்கம் கேட்பதானால் முதல் 7 நாளுக்குள், ஒரே ஒரு முறைதான். பதில் வரும்வரை கணக்கு நிற்கும், அழியாது என்று விதியிலேயே எழுதுங்கள். இரண்டாவது, மனுவைப் பதிவே செய்யாமல் மேசையில் வைத்திருப்பது. ஒப்புகைச் சீட்டை மனு வாங்கும் அதே நேரத்தில் எண்ணோடும் கெடு தேதியோடும் கொடுத்தால்தான் இது நிற்கும். மூன்றாவதுதான் மோசம்: அனுமதி கிடைத்ததாகிவிடும், கையில் காகிதம் இருக்காது. வங்கியோ மின்வாரியமோ அதை நம்பாது; மனுதாரர் திரும்ப அதே அலுவலகத்துக்கு வந்து நிற்பார். 31ஆம் நாள் காலையில் கணினியே சான்றிதழை உருவாக்கி அனுப்ப வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டால், கெடு தேதிக்குப் பிறகு ஒப்புகைச் சீட்டே அனுமதிச் சீட்டு என்று அதன் மேலேயே அச்சிடுங்கள்.

அதிகாரி கெடு நெருங்கியதும் காரணமின்றி நிராகரிப்பதும் உண்டு. நிராகரிப்பில் விதி எண்ணும் காரணமும் கட்டாயம் என்றால் அது குறையும்.

எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்கிவிட்டோம். கூட்டம் மட்டும் குறையவில்லையே?

மனுவோடு கேட்ட பழைய ஆவணங்களையே ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லியிருப்பீர்கள். சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகம், ஸ்கேன் எடுக்க ஒரு கடை என்று அலைச்சல் கூடத்தான் செய்யும். முதலில் படியைக் குறையுங்கள், பிறகு கணினி. எஸ்டோனியாவில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பின் வழியாகத் துறைகள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்டுக்கொள்கின்றன. தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் பதிவாகும். ஒரே தரவைத் திரட்ட இன்னொரு தரவுத்தளம் அமைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

இப்படித் துறைகளின் பதிவுகளை இணைக்கும்போது பெயர்கள் ஒத்துப்போகாது. ஒரு பதிவில் முதலெழுத்து (இனிஷியல்) முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். "பொருந்தவில்லை" என்று கணினி மனுவைத் தள்ளினால், அந்த மனிதர் நாலு அலுவலகம் ஏற வேண்டிவரும். பொருந்தாதவை மட்டும் ஓர் ஊழியரின் மேசைக்குப் போய், அவர் பார்த்து முடிக்கும்படி வையுங்கள்.

நான் அலுவலர் இல்லை, மனுதாரர். ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஒரு காகிதம் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

குறைகளையெல்லாம் ஒரே தடவையில், எழுத்தில், தேதியும் பெயரும் பதவியும் போட்டுக் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே "இன்று இந்த ஆவணம் கேட்கப்பட்டது" என்று எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்த முறை புதிதாக ஒன்றைக் கேட்டால் அந்த நகலைக் காட்டலாம். மேல்முறையீட்டுக்கும் அதுவே ஆதாரம். அசலை எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.