ஹட்டனில் ஓவனில் வைத்த ஸ்டேக் சிவக்காமல் தண்ணீர் விடுவது பற்றி

ஒரு அங்குல மாட்டிறைச்சி ஸ்டேக்கை 200 டிகிரி ஓவனில் 25 நிமிடம் வைத்தும் சிவக்கவில்லை, தண்ணீர் விட்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தாச்சியில் (வாணலியில்) சிவக்க விடுங்கள், ஓவன் அதற்குப் பிறகுதான். 200 டிகிரியில் 25 நிமிடம் என்பது ஒரு அங்குலத் துண்டுக்கு மிக அதிகம். சாறெல்லாம் வெளியேறி, நீங்கள் சொன்ன ரப்பர் பதம் அதனால்தான் வந்திருக்கும்.

சிவக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். மேலே தண்ணீர் இருக்கும்வரை இறைச்சி அவியுமே தவிர சிவக்காது. ஃப்ரீசரில் இருந்ததை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். நம்ம ஹட்டன் மலைக் குளிரில் சமையலறை மேசையில் அவசரமாக உருக்கினால் நடு உறைந்தே இருக்கும்.

1. துணியால் நன்றாக ஒற்றி, உப்பு போடுங்கள்.
2. கனமான இரும்புத் தாச்சி புகையத் தொடங்கியதும் எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். "சொய்ங்" சத்தம் அடங்கினால் சூடு போதவில்லை.
3. 180 டிகிரி ஓவனில் 5 நிமிடம். நடுவில் வெப்பமானி குத்திப் பாருங்கள்: 55 டிகிரி செல்சியஸ் என்றால் உள்ளே இளஞ்சிவப்பு. பிள்ளைகள், கர்ப்பிணிகள் சாப்பிடுவதென்றால் 70 தாண்டட்டும்.
4. வெட்டுமுன் 5 நிமிடம் ஆறவிடுங்கள்.

ஒன்று மட்டும்: இது அண்டர்கட் (முதுகெலும்புக்குக் கீழுள்ள மென்மையான இறைச்சி) போன்ற மெல்லிய நாருள்ள துண்டுக்குத்தான். வயதான மாட்டின் தொடை என்றால் இப்படிச் செய்தால் இறுகும், அதைக் கறிக்கு வையுங்கள்.