கேள்வி நேரம்: சாவி தொலைந்த பூட்டு

மொட்டைமாடிக் கதவின் பூட்டுச் சாவி தொலைந்து எட்டு மாதம் ஆகிறது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மேலே போக வேண்டும். மழையில் நனைந்து பூட்டு துருவேறிவிட்டது. சுத்தியலால் அடித்தால் திறக்குமா?
வாசகி, காரைக்குடி

சுத்தியலைத் தொடாதீர்கள். அடி பூட்டில் விழுந்தாலும் அதைத் தாங்குவது கதவின் கொண்டிதான். பழைய வெல்டிங் விட்டுவிடும், கதவுச் சட்டமும் வளையும், பூட்டோ உள்ளே நெளிந்து இன்னும் இறுகும். சாவியே இல்லாதபோது எண்ணெய் ஊற்றியும் பயனில்லை.

முதலில் கொண்டியைப் பாருங்கள். மரக்கதவாக இருந்து ஸ்குரூவின் தலை வெளியே தெரிந்தால் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் போதும், எதையும் வெட்ட வேண்டாம். இரும்புக் கதவில் கொண்டி போல்ட் நட் போட்டு மாட்டியிருந்தாலும் அப்படியே. கதவோடு வெல்டிங் செய்திருந்தால் மட்டும் பூட்டின் வளையத்தை வெட்டுங்கள். பூட்டு புதிதாக வாங்கிக்கொள்ளலாம், கொண்டியை அறுத்தால் வெல்டரைத் தேட வேண்டியிருக்கும்.

வெட்டுமுன் வளையத்தின்மேல் ஓர் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். அரம் பிடித்துத் தூள் விழுந்தால் சாதாரண இரும்பு. கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கினால் கடினமாக்கிய எஃகு. பல வளையங்களில் ‘ஹார்டன்ட்’ என்று ஆங்கிலத்தில் பொறித்தும் இருக்கும்.

சாதாரண இரும்புக்கு ஆக்சா பிளேடு போதும். 12 அங்குல பிளேடில் அங்குலத்துக்கு 24 பல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், பிளேடை ஆக்சா சட்டத்தில் மாட்டி விறைப்பாக முறுக்குங்கள், இல்லாவிட்டால் வளைந்து ஒடியும். முக்கோண அரத்தால் ஒரு பள்ளம் போட்டுவிட்டு அதில் பிளேடை வையுங்கள், வழுக்காது. தள்ளும்போது மட்டும் அழுத்தம், நிமிடத்துக்கு 40, 50 தள்ளல். அவசரப்பட்டால் பல் சூடேறி மழுங்கிவிடும்.

கடின எஃகை ஆக்சாவால் அறுக்க முடியாது. போல்ட் கட்டரின் வாயும் சிதறும். அதற்கு 4 அங்குல கட்டிங் மெஷினும் 1 மி.மீ. கட்டிங் வீலும் வேண்டும். வீலில் அச்சிட்டிருக்கும் சுழற்சி வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. பூட்டு ஊசலாடினால் ஆபத்து: வீல் இறுகி உடைந்து துண்டு முகத்தில் பறக்கும். வைஸ் கிரிப்பால் (இறுக்கிய நிலையிலேயே நிற்கும் இடுக்கி) பூட்டைக் கதவோடு இறுக்கிய பிறகே மெஷினை ஓட விடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெட்ட வேண்டாம், மெஷினின் காப்பு மூடியைக் கழற்றவும் வேண்டாம். முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பொறி பல அடி தூரம் தெறிக்கும். கேஸ் சிலிண்டர், துணி, காய்ந்த சருகு பக்கத்தில் இருக்கக் கூடாது.

எங்கே வெட்டுவது? பூட்டுக்குச் சற்று மேலே, வளையத்தின் ஒரு காலில். சில பூட்டில் ஒரு வெட்டிலேயே மீதி வளையம் சுழன்று வழிவிடும். சுழலாவிட்டால் மறு காலையும் வெட்டுங்கள், நெம்பாதீர்கள். வெட்டியதும் பூட்டு கொதிக்கும், வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

சாவி பாதியாக ஒடிந்து பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. வேறு சாவியை வைத்துத் தள்ளலாமா?
வாசகர், கும்பகோணம்

கூடாது, துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். சாவி திரும்பிய நிலையில் ஒடிந்திருந்தால், சின்ன ஸ்குரூ டிரைவரால் துவாரத்தைச் சாவி நுழைந்த நேர்நிலைக்குக் கொண்டுவாருங்கள். திரும்பிய நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. துருநீக்கி ஸ்பிரே ஒரு சொட்டு விடுங்கள். தச்சர்கள் வளைவு அறுக்க வைத்திருக்கும் மெல்லிய ரம்பக் கம்பியைப் பல் வெளிப்பக்கம் பார்க்கும்படி சாவியின் வெட்டுப்பக்கமாக நுழைத்து, லேசாகத் திருகி இழுங்கள். ஒடிந்த முனையில் பசை தடவி ஒட்டி இழுக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். பசை உள்ளே வழிந்து ஸ்பிரிங்கையும் பின்னையும் உறையவைத்துவிடும், அப்புறம் புதுச் சாவியும் நுழையாது. எடுத்த இரண்டு துண்டையும் சாவிக்காரரிடம் கொடுங்கள், சேர்த்து வைத்து நகல் எடுத்துவிடுவார்.

வாடகைக்கு இருந்தவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் மூன்று மாதம். நானே பூட்டை உடைக்கலாமா?
வாசகர், ஓசூர்

வீடு உங்களுடையதுதான், ஆனால் குடியிருப்பவரின் உரிமை இன்னும் முடியவில்லை. வீட்டைத் திரும்பப் பெற 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை நீதிமன்றத்தில் மனு போடுங்கள். நீங்களே உடைத்தால் உள்ளே இருந்த பொருள் காணோம் என்ற புகாருக்குப் பதில் சொல்ல முடியாது.

சூட்கேஸின் மூன்று இலக்க எண் மறந்துவிட்டது.
வாசகி, திருச்சி

உடைக்க வேண்டியதில்லை. முதலில் 000. அடுத்து, இதுவாக இருக்கலாம் என்று தோன்றும் எண்ணின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒன்று முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எண் மாற்றும் பொத்தான் தெரியாமல் அழுந்தி எண் நகர்வது அடிக்கடி நடப்பது. அதுவும் பலிக்காவிட்டால் 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்தான். திறக்கும் பொத்தானை லேசாக அழுத்தியபடி கடைசிச் சக்கரத்தை மட்டும் 0 முதல் 9 வரை சுற்றுங்கள், பிறகு நடுச் சக்கரத்தை ஒன்று நகர்த்துங்கள். ஒரு எண்ணுக்கு 2 விநாடி என்றால் முழுவதையும் பார்க்க 34 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.